‘போட்டுக்கொடுத்துடுவேன்’ என்று மிரட்டுவதே குற்றம்தான்

கலிஃபோர்னியாவில் சம்பளத் தகராறு வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். போன வாரம் இன்னொரு சமையல்காரர் வந்தார். அதே கதை. செக்கில் முழுச் சம்பளம் போடுவார்கள், மறுநாள் அதில் பாதியை ரொக்கமாகத் திருப்பிக் கேட்பார்கள். ஒரு மாதம் மறுத்திருக்கிறார். உடனே முதலாளியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு: “நாளைக்குள்ள காசு வரலைன்னா இமிக்ரேஷனுக்கு ஒரு போன்தான். பொட்டியக் கட்டிக்கோ.”

அதைவிட எரிச்சல், கூட வந்த உறவினர் கேட்டது. “இவனுக்கு விசா முடிஞ்சது நிஜம்தானே சார்? உள்ளதைச் சொல்வேங்கிறது எப்படிக் குற்றமாகும்?”

நன்றாகப் படித்தவர்களே இப்படித்தான் கேட்கிறார்கள். ஐயா, சட்டம் இங்கே உண்மையா பொய்யா என்று பார்ப்பதில்லை. ஒருவரின் ரகசியம் உங்களுக்குத் தெரியும். “பத்தாயிரம் டாலர் கொடு, இல்லையென்றால் ஊருக்குச் சொல்வேன்” என்கிறீர்கள். ரகசியம் நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தாலும் அது மிரட்டிப் பறித்தல்தான். பயத்தைக் காட்டிக் காசு கேட்பதுதான் குற்றம். உண்மையாக இருப்பதால்தானே பயமே பலிக்கிறது!

இதில் குடியேற்ற நிலையையும் சந்தேகத்துக்கே இடமில்லாமல் சேர்த்துவிட்டார்கள். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம் 519-ஆவது பிரிவில், 2014 ஜனவரி முதல், ஒருவரின் குடியேற்ற நிலையைப் புகார் செய்வேன் என்ற மிரட்டலும் உண்டு. ‘சந்தேகிக்கப்படும்’ நிலை என்றும் எழுதியிருக்கிறார்கள். அதனால் விசா சரியாக இருப்பவரை மிரட்டினாலும் தப்ப முடியாது. காசைப் பறித்துவிட்டால் இரண்டு, மூன்று அல்லது நான்கு ஆண்டு சிறை. காசு கைமாறாவிட்டாலும் முயற்சிக்குத் தனித் தண்டனை உண்டு. நியூயார்க்கும் 2021-ல் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. எங்கள் தொழிலையும் விடவில்லை: வழக்கில் எதிர்த்தரப்பில் இருப்பவரின் குடியேற்ற நிலையைச் சொல்லி மிரட்டும் வக்கீலின் உரிமமே போகலாம்.

‘பேப்பர் இல்லாதவனுக்கு ஏது சம்பள உரிமை’ என்பதும் தப்பு. இந்த மாநிலத்தில் தொழிலாளர் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த சம்பளத்தைத் திருப்பி வாங்குவதே தனிக் குற்றம்.

சரி, என்ன செய்ய? முதலில், அந்தக் குரல் பதிவை அழிக்காதீர்கள். பயந்துபோய் அழித்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம். எண்ணும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். இங்கே ரகசியப் பேச்சை இரு தரப்பும் சம்மதிக்காமல் பதிவு செய்யக்கூடாது. ஆனால் மிரட்டிப் பறித்தலுக்கு ஆதாரம் திரட்ட விதிவிலக்கு உண்டு.

மிரட்டியவர் நிஜமாகவே புகார் கொடுத்துவிட்டால், இந்தச் சட்டம் ஐ.சி.இ. எனப்படும் மத்தியக் குடியேற்ற அமலாக்க அதிகாரிகளைத் தடுக்காது. அதனால் போலீஸுக்குப் போகுமுன் குடியேற்ற வக்கீல் ஒருவரைப் பாருங்கள், தயவுசெய்து. விசாரணைக்கு உதவும் பாதிக்கப்பட்டவர்களுக்கான யூ விசாவில் இந்தக் குற்றமும் அடங்கும். ஆனால் ஆண்டுக்குப் பத்தாயிரம்தான். வரிசை மிக நீளம். அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

அப்புறம், கோபத்தில் “காசைத் திருப்பிக் கொடு, இல்லைன்னா போலீஸ்ல சொல்லிடுவேன்” என்று முதலாளிக்குப் பதில் மெசேஜ் தட்டாதீர்கள். குற்றம் சாட்டுவேன் என்று மிரட்டிக் காசு கேட்பதும் அதே 519-இல்தான் வருகிறது. பேசாமல் போய்ப் புகார் கொடுங்கள்.