மனநல மாத்திரைக்கு முன் மரபணுப் பரிசோதனை: எங்கே அவசியம், எங்கே வீண் செலவு

"எந்த மாத்திரை ஒத்துக்கும்னு எச்சில் டெஸ்ட்லயே தெரிஞ்சிடுமாமே டாக்டர்?" இரண்டு மூன்று மருந்து மாற்றியும் பலன் காணாத குடும்பங்கள் பல இப்போது இந்தக் கேள்வியோடு வருகின்றன. எந்த மாத்திரை மனச்சோர்வைக் குணமாக்கும் என்று இந்தப் பரிசோதனை சொல்லாது. ஒரு மருந்தை உங்கள் கல்லீரல் எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது, சில மருந்துகளால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வர வாய்ப்புண்டா என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லும். இதில் ஒவ்வாமை பற்றிய பரிசோதனைதான் நமக்கு மிக அவசியம். அதைத்தான் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

கார்பமசெபின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். வலிப்பு, இருமுனைக் கோளாறு (அளவு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்), முக நரம்பு வலி மூன்றுக்கும் கொடுக்கிறோம். விலை குறைவு, நல்ல மருந்து. ஆனால் எச்.எல்.ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரலாம். தோல் தீப்பட்டதுபோல் கொப்புளித்து உரியும், கண்ணும் வாயும் புண்ணாகும், உயிரும் போகலாம். 2004-இல் தைவானில் இந்த மருந்தால் இந்நோய் வந்த 44 பேரைச் சோதித்தபோது 44 பேருக்கும் அந்த வகை இருந்தது. அதே மருந்தைத் தொல்லையின்றிச் சாப்பிட்ட 101 பேரில் 3 பேருக்கு மட்டுமே இருந்தது. பிறகு அங்கேயே ஏறத்தாழ 4,900 பேரை முன்கூட்டிச் சோதித்து, இருந்தவர்களுக்கு மருந்தைத் தவிர்த்தார்கள். ஒருவருக்குக்கூட இந்நோய் வரவில்லை என்று 2011-இல் முடிவு வெளியானது. ஆசிய வம்சாவளியினருக்கு முதலில் பரிசோதிக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-லேயே சொல்லிவிட்டது. சிங்கப்பூரில் 2013 முதல், புதிதாக இம்மருந்தைத் தொடங்கும் ஆசிய வம்சாவளியினருக்கு, அங்குள்ள தமிழர்கள் உட்பட, இது வழக்கமான நடைமுறை.

ஆகவே கார்பமசெபின் எழுதப்பட்டால், முதல் மாத்திரைக்கு முன் இந்த ஒரு மரபணுவை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பல மரபணுக்கள் அடங்கிய பெரிய பேக்கேஜ் தேவையில்லை. முடிவு 'பாசிட்டிவ்' என்றால் இதன் நெருங்கிய உறவான ஆக்ஸ்கார்பசெபினும் வேண்டாம். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினையும் கூடியவரை தவிர்க்க வேண்டும். 'நெகட்டிவ்' என்றாலும் முதல் மூன்று மாதம் கவனம் தேவை. காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு, வாய்ப்புண், தோலில் தடிப்பு இவை சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பல ஆண்டுகளாக இதையே சாப்பிட்டு நலமாக இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்கு இந்த ஆபத்துக் காலம் கடந்துவிட்டது, திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரும் லாமோட்ரிஜினும் இதே தோல் நோயைத் தரலாம். அங்கே நம்மைக் காப்பது மரபணு அறிக்கை அல்ல, மெதுவாக ஏற்றுவதுதான்: வழக்கமாக இரண்டு வாரம் தினம் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 50 மி.கி. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் சாப்பிடுபவருக்கு முதல் இரண்டு வாரம் 25 மி.கி. ஒன்றுவிட்ட நாள்.

அடுத்தது மருந்தைச் சிதைக்கும் நொதிகள். சி.ஒய்.பி 2சி19 என்ற நொதி நம் மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மிக மந்தம். அவர்களுக்கு எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை வழக்கமான அளவில் கொடுத்தாலும் ரத்தத்தில் மருந்து தேங்கும். குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை கூடும். இவர்களுக்கு அதே வகை சிட்டலோப்ராம் ஒரு நாளைக்கு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது, இதயத் துடிப்பின் லயம் கெடலாம். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் என்றால் குறைவாகத் தொடங்கி, மெதுவாக ஏற்றி, வழக்கமான அளவில் பாதிக்கு மேல் போகாமல் இருப்பது வழக்கம்.

அறிக்கை ஏமாற்றும் இடமும் இதுதான். மரபணு 'நார்மல்' என்றிருக்கும். ஆனால் தினமும் வெறும் வயிற்றில் ஒமெப்ரசோல் போகும். அந்த கேஸ் மாத்திரை 2சி19 நொதியை அடக்குவதால், நார்மலானவரும் மந்தமானவர்போல் ஆகிவிடுவார். பான்டோப்ரசோலுக்கு இந்தக் குணம் குறைவு. மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்சிடினும் பராக்சிடினும் சி.ஒய்.பி 2டி6 என்ற இன்னொரு நொதியை இப்படித்தான் அடக்கும். கூடவே ரிஸ்பெரிடோனோ அமிட்ரிப்டிலினோ இருந்தால் அவற்றின் அளவு ஏறிவிடும். பீடி, சிகரெட் புகை, மனச்சிதைவு நோய்க்குத் தரும் குளோசாபினையும் ஓலன்சாபினையும் உடலில் வேகமாகச் சிதைய வைக்கும். வார்டில் சேர்ந்து புகை நின்ற சில நாளிலேயே அதே மாத்திரை அளவு மிஞ்சிப்போய் எச்சில் வழிந்து, நோயாளி அசந்து கிடப்பார். இவை எதுவும் மரபணு அறிக்கையில் தெரியாது. அதனால் மருத்துவரிடம் போகும்போது கேஸ் மாத்திரை, சித்த மருந்து, புகை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மருந்துகளைப் பிரித்துத் தரும் அறிக்கைகள்தான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கின்றன. பச்சை என்றால் நன்றாக வேலை செய்யும் என்று பொருளல்ல. அளவை மாற்றத் தேவையில்லை என்பதுதான். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த மருந்தை சிவப்புக் கட்டத்தில் இருக்கிறதே என்று நிறுத்தி, நோய் திரும்புவது பெரிய கொடுமை. 2022-இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர் ஆய்வில் 1,944 பேர் இருந்தார்கள். அறிக்கை பார்த்து மருந்து எழுதப்பட்டவர்களுக்கு 8, 12 வாரங்களில் சிறு முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது; 24-ஆம் வாரத்தில் அந்த வித்தியாசம் இல்லை. செரட்டோனின் கடத்தி, எம்.டி.எச்.எஃப்.ஆர் போன்ற மரபணுக்களை வைத்து மருந்து தேர்ந்தெடுக்க இன்றைக்கு ஆதாரம் போதாது. இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் கேட்குமா என்று சொல்லும் நம்பகமான பரிசோதனையும் கிடையாது.

பணம் கட்டுவதற்கு முன் பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். முழு அளவில் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் சாப்பிட்டதா, நடுவில் விட்டுப்போனதா, தைராய்டு பார்த்தாயிற்றா, குடி இருக்கிறதா, மனச்சோர்வு என்று நினைத்தது இருமுனைக் கோளாறா? மருந்து கேட்காததற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். இதெல்லாம் சரியாக இருந்தும், குறைந்த அளவிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் பக்கவிளைவு தந்தால் 2டி6, 2சி19 பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

லேபில் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: 2டி6 மரபணு முழுவதும் இல்லாமல் இருப்பதையும், கூடுதல் பிரதிகள் இருப்பதையும் பார்ப்பீர்களா? பார்க்காத பரிசோதனை, உண்மையில் வேகம் குறைந்தவரையும் அதிவேகக்காரரையும் 'நார்மல்' என்று எழுதிவிடலாம். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் எடுப்பதென்றால் அதற்கு முன் அரை மணி நேரம் சாப்பாடு, காபி, வெற்றிலை, புகை வேண்டாம். ரத்தம் என்றால் வெறும் வயிறு தேவையில்லை. கல்லீரல் அல்லது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்திருந்தால் முன்பே சொல்லுங்கள், முடிவு பொருந்தாமல் போகும்.

அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள்; மரபணு மாறாது, மறுபடி எடுக்க வேண்டியதில்லை. 2சி19 மந்தம் என்று வந்திருந்தால் இதய மருத்துவரிடமும் காட்டுங்கள். ஸ்டென்ட் வைத்தபின் கொடுக்கும் குளோபிடோக்ரெல் அதே நொதியால்தான் செயல்வடிவம் பெறுகிறது. மந்தமானவர்களுக்கு அது சரியாக வேலை செய்யாது, வேறு மாத்திரை எழுத வேண்டியிருக்கும்.