‘ஈவ் டீசிங்’: சீண்டலா, துன்புறுத்தலா?

காட்பாடியிலிருந்து வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் போகும் காலை நேரப் பேருந்தில், பின்னால் நின்ற ஒருவனைப் பற்றிக் கல்லூரி மாணவிகள் தங்களுக்குள் பேசும்போது ‘தப்பா நடந்துக்கினான்’ என்பார்கள், ‘மிஸ்பிஹேவ் பண்ணான்’ என்பார்கள். ‘ஈவ் டீசிங் செய்தான்’ என்று சொல்பவரைக் காண்பது அரிது. அந்தச் சொல் நாளேட்டுக்கும் புகார் மனுவுக்கும் காவல் துறையின் எச்சரிக்கைப் பலகைக்கும் உரியதாகவே இருந்துவந்திருக்கிறது.

‘ஈவ்’ என்பது விவிலியத்தின் முதல் பெண். தமிழ் விவிலியம் அவளை ‘ஏவாள்’ என்கிறது. ‘டீஸ்’ என்னும் ஆங்கில வினைக்குக் கம்பளி இழைகளைப் பிரித்துச் சிக்கெடுப்பது என்பதே பழைய பொருள். ஒருவரை நச்சரித்தல், கேலி செய்தல் என்பவை பின்னர் ஏறியவை. இரண்டையும் இணைத்து இந்த வழக்கை உண்டாக்கியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் அல்லர். இது இந்திய ஆங்கிலத்தில் பிறந்த தொடர். ஆதாமை வழிதவறச் செய்தவள் என்று பெயர் வாங்கியவளின் பெயரைப் பெண்ணுக்குச் சூட்டிவிட்டு, ஆணின் செயலை வெறும் விளையாட்டாக்கியதுதான் இந்தத் தொடரின் சாமர்த்தியம்.

அதைத் தமிழாக்கியவர்களும் விளையாட்டையே தமிழாக்கினார்கள். ‘கேலி’ வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு விளையாட்டு, காதல் விளையாட்டு என்றே பொருள். ‘கிண்டல்’ கிண்டுதலிலிருந்து வந்தது. மண்ணைக் கிண்டுவதும் அல்வா கிண்டுவதும் அதே வினைதான். இன்று செய்தித்தாள்கள் விரும்பி எழுதும் ‘பாலியல் சீண்டல்’ இவற்றைவிடச் சற்று மேல் என்றாலும், தூங்குகிற நாயைச் சீண்டுவது என்னும் வழக்கில் உள்ள குறும்பு அதில் ஒட்டிக்கொண்டே வருகிறது. இதற்கு நேரெதிரான தவறு ‘மானபங்கம்’. மானம் பங்கப்பட்டது என்றால் பழுது யாருக்கு? செய்தவனுக்கு ஒன்றுமில்லை, அவளுக்குத்தான் என்று சொல்லாமல் சொல்லும் சொல் அது. புகார் கொடுக்க வந்த மகளை ‘வெளியே தெரிந்தால் மானம் போகும்’ என்று வீட்டார் திருப்பி அழைத்துப் போவதற்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு உண்டு.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், 2017 செப்டம்பரில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை நினைவுகூரலாம். விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவி ஒருவரிடம் வளாகத்துக்குள்ளேயே சிலர் அத்துமீறியதைக் கண்டித்து மாணவிகள் முதன்மை வாயிலில் அமர்ந்து போராடினார்கள். அவர்கள்மீது தடியடியும் நடந்தது. நிகழ்ந்தது ‘ஈவ் டீசிங்’தான் என்று அப்போதைய துணைவேந்தர் விளக்கம் சொன்னார். குற்றத்தை ஒரு படி இறக்கிக் காட்ட அவருக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டுச் சட்டமும் இந்தச் சொல்லோடு சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. 1998இல் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் தொல்லையால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு, ‘ஈவ் டீசிங்’ என்ற பெயரிலேயே அவசரச் சட்டமும் பின்னர் சட்டமும் வந்தன. 2002இல் அந்தச் சொல் நீக்கப்பட்டு, ‘துன்புறுத்தல்’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் சட்டத்தின் பெயரில் ஏறியது. நம் நாளேடுகள் அதைப் பெண் வன்கொடுமை தடுப்புச் சட்டம் என்று எழுதுகின்றன. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவோ விரும்பத்தகாத தொடுதலோடு பாலியல் சாயலுள்ள பேச்சையும் குற்றமாகவே வகுக்கிறது. ஆகவே ‘பேச்சுதானே’ என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை.

ஆகையால் உரிய தமிழ்ச் சொல் ‘பாலியல் துன்புறுத்தல்’ என்பதே என் கருத்து. ‘பால்’ என்பது பகுப்பு; ஆண்பால், பெண்பால் என்று இலக்கணத்தில் நாம் படித்த அதே பால். அதனோடு ‘இயல்’ சேர்ந்து அண்மைக் காலத்தில் உருவான சொல் ‘பாலியல்’. அதைப் ‘பாலினம்’ என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பெண் என்பதற்காகவே மாணவிகளின் விடுதியை மட்டும் முன்மாலையில் பூட்டுவது பாலினப் பாகுபாடு. மதிப்பெண்ணைக் காட்டி ஆசிரியர் இணங்கச் சொல்வது பாலியல் துன்புறுத்தல். வளாகப் போராட்டங்களில் இரண்டு கோரிக்கைகளும் ஒரே பதாகையில் வருவதுண்டு. மனுவில் பிரித்து எழுதுவது நல்லது.

மனுவைப் பெற வேண்டிய குழுவுக்கு ‘உள்ளகப் புகார்க் குழு’ என்று பெயர் இருந்தாலும், கல்லூரிகளில் ‘விசாகா கமிட்டி’ என்றால்தான் பலருக்கும் புரிகிறது. விசாகா பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் அன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க நெறிமுறைகள் வகுத்த 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வழிவகுத்த வழக்கைத் தொடுத்த ராஜஸ்தான் அமைப்பின் பெயர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, மாணவர் தொடர்பான புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் மூவர் அந்தக் குழுவில் இருக்க வேண்டும்.

இலக்கணம் தரும் ஒரு வசதியும் உண்டு. ‘துன்புறு’ தன்வினை, ‘துன்புறுத்து’ பிறவினை. பிறவினைக்குச் செய்தவன் ஒருவன் வேண்டும். ‘எனக்குப் பாலியல் சீண்டல் நேர்ந்தது’ என்று எழுதினால், மழை பெய்ததைப் போல அது தானாக நேர்ந்ததாகிவிடுகிறது. ‘இன்னார், இந்த நாளில், இந்த இடத்தில், இன்னது செய்து என்னைத் துன்புறுத்தினார்’ என்று எழுதும்போது எழுவாயை மறைக்க வழியில்லை.