தாத்தாவுக்குச் சுகர் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது இது ஆரம்பிக்கும். காலையில் திருமங்கலத்திலோ மேலூரிலோ பஸ் ஏறி, பேரன் பேத்தியோடு தாத்தா மதுரை டவுனுக்கு வருவார். விளக்குத்தூண் பக்கம் யூனிபார்ம் துணி, பிறகு தையல்கடை, ஷூ, ஸ்கூல் பேக், நடுவில் பேங்கில் ஒரு கையெழுத்து. வந்ததே வந்தோம், நடை சாத்துவதற்குள் அம்மனையும் பார்த்துவிடலாம் என்று பன்னிரண்டு மணிக்கு வரிசையில் நிற்பார்கள். இரண்டு மணிக்கு ஏதோ ஒரு கடைப் படியில் தாத்தா வேர்த்து ஒழுக உட்கார்ந்திருப்பார். "சுகர் ஏறிருச்சு டாக்டர்" என்று கூட்டி வருவார்கள். விரலில் குத்திப் பார்த்தால் 48.

ஒவ்வொரு கோடையிலும் இதே கதைதான். கூட வந்தவர்கள் நல்ல எண்ணத்தோடு எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள், அதுவும் சீனி இல்லாமல். பேத்தி கையில் இருந்த ஜூஸை அவர் கேட்டபோது, "உங்களுக்கு ஆகாது" என்று பிடுங்கி வைத்திருப்பார்கள்.

சுகர்காரருக்கு மயக்கம் வந்தால் சுகர் ஏறிவிட்டது என்ற நம்பிக்கையை யார் விதைத்தார்களோ தெரியாது, பிடுங்கவே முடியவில்லை. சுகர் ஏறுவது அரை மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கிற சங்கதி இல்லை. நாள்கணக்கில் ஏறும். தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், வாய் வறளும், உடம்பு அசதியாகும். குப்பென்று வேர்க்காது, கை நடுங்காது. காலையில் நன்றாக இருந்தவர் மதியம் வேர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுகர் இறங்கியதைத்தான். 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கிவிடும்.

மீட்டர் கையில் இல்லையா? அப்போதும் சீனி கொடுங்கள். உண்மையிலேயே ஏறியிருந்தால், மூன்று டீஸ்பூன் சீனியால் இன்னும் ஒரு ஐம்பது போலக் கூடும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இறங்கியிருந்து நீங்கள் கொடுக்காமல் விட்டால், பார்த்துக்கொள்ள அப்புறம் என்று ஒன்று இருக்காது.

ஏன் இறங்குகிறது? காலையில் ஏழு மணிக்கு மாத்திரை. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டு இட்லி. அதன்பின் நான்கு மணி நேரம் மாசி வீதிகளில் நடை. மதியச் சாப்பாடு வரும் என்ற கணக்கில் கொடுத்த மாத்திரை உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், சாப்பாடுதான் வராது. விரதநாள் என்றால் அந்த இரண்டு இட்லியும் கிடையாது, மாத்திரை மட்டும் தவறாது. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கிளைமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு என்று இருந்தாலோ, இன்சுலின் போடுகிறவர் என்றாலோ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

மே மாதத்தில் எல்லாருக்கும்தான் வேர்க்கிறது. அதனால் வேர்வையை மட்டும் நம்பாதீர்கள், நடத்தையைப் பாருங்கள். ஒரே சட்டைக்கு மூன்றாம் முறை விலை கேட்பார். ரூபாய் நோட்டைத் தப்பாக எண்ணுவார். காரணமில்லாமல் கடைக்காரரிடம் எரிந்து விழுவார். இதை முதலில் கவனிப்பது பெரும்பாலும் பிள்ளைகள்தான். "தாத்தா சும்மாவே திட்டுறாரு" என்று பேத்தி சொன்னால் அதட்டாமல் காது கொடுங்கள். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமலே போகலாம்.

கொடுக்க வேண்டியது 15 கிராம் சர்க்கரை. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி அல்லது சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். கடைவீதி என்றால் அரை டம்ளர் கரும்புச்சாறு, அல்லது 150 மில்லி சாதாரணக் கூல்டிரிங்க்ஸ். டயட் என்று எழுதியதைத் தூக்கி எறியுங்கள். பதினைந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி குத்திப் பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. தாண்டிய பிறகு சாப்பாடு, உடனே.

மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஜிகர்தண்டா இதற்கு மருந்தில்லை. பாலும் ஐஸ்கிரீமும் சேர்ந்த கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். கடலை மிட்டாய்க்கும் சாக்லெட்டுக்கும் அதே குறைதான். இளநீரில் சர்க்கரை காய்க்குக் காய் மாறும், பெரும்பாலும் போதாது. இன்னொன்று: மாத்திரையில் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்திருந்தால் சீனி சரியாக வேலை செய்யாது. குடலில் சீனி உடைவதைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலையே. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான். மூன்று டீஸ்பூன் வீதம் சின்னப் பொட்டலமாக மூன்று கட்டி, சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். கட்டைப்பையின் அடியில், நோட்டுப் புத்தகத்துக்குக் கீழே போட்டு வைத்தால் ஒரு புண்ணியமும் இல்லை.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தயவுசெய்து. நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிளைமிபிரைடு வகை மாத்திரைகளால் இறங்கிய சுகர், ஏறியபின் மறுபடியும் இறங்கலாம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஒரு நாளுக்கு மேலும் இழுக்கலாம். "தெளிஞ்சிட்டாரு, வீட்டுக்குப் போறோம்" என்று அவசரப்படாதீர்கள்.

பேரப்பிள்ளைக்கு ஏழெட்டு வயது ஆகிவிட்டால் சொல்லிக்கொடுக்கலாம். பொட்டலம் எந்தப் பையில் இருக்கிறது, அம்மாவின் போன் நம்பர் என்ன, பக்கத்துக் கடை அண்ணனிடம் என்ன சொல்லிக் கேட்பது, இந்த மூன்றும் போதும். நம்பர் மனப்பாடமாக இருக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே தாத்தா சட்டைப் பையில் பெயர், சர்க்கரை நோய், மாத்திரைப் பெயர், இரண்டு போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

கோயில் என்றதும் இன்னொன்று. ஆடி வீதிக் கல் உச்சிவெயிலில் கொதிக்கும். பேரன் குதித்துக் குதித்து ஓடுவான், உணர்ச்சி மரத்த காலோடு தாத்தா நிதானமாக நடப்பார். ராத்திரி பாதத்தில் கொப்புளம். தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது காலையில் முதல் வேலையாகத் தரிசனத்தை முடித்துவிடுங்கள்.

கடைகளுக்கு அதற்கப்புறம் போகலாம். பதினொரு மணிக்கு ஒரு சுண்டலோ இரண்டு இட்லியோ. ஒரு மணிக்கு எந்தக் கடையில் இருந்தாலும் பில்லைப் போடாமல் எழுந்து சாப்பிடப் போக வேண்டும், துணி எங்கும் ஓடிப்போகாது. டி.வி.எஸ்.ஸில் பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு வருகிறவர்கள் கிளம்பும் முன் சுகர் பார்க்கவும். 90-க்குக் கீழே என்றால் வண்டியைத் தொடாதீர்கள், ஏதாவது சாப்பிட்டு ஏறிய பிறகு பார்க்கலாம். இன்சுலினைச் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் வைத்தால் வெயிலில் அது வீணாகிவிடும். அலைச்சல் நாளுக்கு மருந்தளவைக் குறைக்க வேண்டுமா என்று முந்தைய வாரமே உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அன்று ராத்திரி படுக்கும் முன்னும் ஒரு தடவை குத்திப் பாருங்கள். பகல் நடையின் விளைவு ராத்திரி வரை நீளும். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும்.