தாழ்வாரம் எப்படி ஐயா இருளும்?

‘இருண்ட தாழ்வாரத்தை ஒளிரச் செய்ய ஏழு வழிகள்’ என்று ஒரு வீட்டு அலங்காரக் கட்டுரை. இந்த மாதத்தில் இதே பாணியில் என் கண்ணில் பட்ட மூன்றாவது தலைப்பு. தாழ்வாரம் எப்படி ஐயா இருளும்? பக்கத்திலேயே முற்றம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. மழை பெய்தால் சாரல் அடித்து, பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓட வேண்டிய இடம் அது.

முற்றத்தை நோக்கித் தாழ்ந்து இறங்கும் கூரைச் சரிவும் அதன் கீழுள்ள இடமும்தான் தாழ்வாரம். மலையடிவாரத்தில் இருக்கிற அதே ‘வாரம்’. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தூண்களும் வெளிச்சமும். கட்டுரைக்காரர் சொல்ல வந்ததோ, இரண்டு பக்கமும் சுவர் எழும்பி, ஜன்னலே இல்லாமல், அறைகளுக்கு நடுவில் மூன்றடி அகலத்தில் ஓடும் வழியை. ஆங்கிலத்தில் காரிடார் அல்லது ஹால்வே. காரிடார் இத்தாலிய மொழி வழியாக வந்தது. அதன் லத்தீன் வேருக்கு ஓடுதல் என்று பொருள்.

அந்த வழிக்குத் தமிழில் இடைகழி என்று பெயர். இடை என்றால் நடு, கழிதல் என்றால் கடந்துபோதல். தெருவாசலைத் தாண்டி வீட்டின் உள்பகுதிக்குப் போகும் ஒடுக்கமான பகுதி. வாயில் தேய்ந்து இடேழியாகி, ரேழியாகிவிட்டது. ரகரத்தில் தொடங்குவதால் ரேழி தமிழே இல்லை என்று தனித்தமிழ் அன்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். அதற்குப் பதிலாக அவர் தந்த புதுச்சொல் ‘நடைக்கூடம்’. கூடம் என்பது பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடும் இடம். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய இடத்துக்கு அந்தப் பெயரா? தேய்ந்த தமிழைத் தள்ளிவிட்டுப் பொருந்தாத தமிழை ஒட்டவைப்பதில் என்ன தூய்மை இருக்கிறதோ, எனக்கு விளங்கவில்லை.

இடைகழி எவ்வளவு குறுகலானது என்பதற்குத் திருக்கோவலூர்க் கதையே சாட்சி. மழை பெய்த இரவில், திருமாலைப் பாடிய ஆழ்வார்களில் முதல்வர்களான முதலாழ்வார்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஓர் இடைகழியில் ஒதுங்குகிறார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். நான்காவதாக யாரோ நெருக்குகிறார். இருட்டில் ஆள் தெரியவில்லை. பொய்கையாழ்வார் வையத்தையே தகளியாக்கி, அதாவது அகலாக்கி, பாட்டாலேயே விளக்கேற்றுகிறார். பூதத்தாழ்வார் அன்பைத் தகளியாக்குகிறார். அந்த ஒளியில், நெருக்கியவர் பெருமாள்தான் என்று பேயாழ்வார் கண்டு பாடுகிறார். இருண்ட, குறுகிய இடைகழிக்கு வெளிச்சம் தேடிய கதை நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. பொய்கையாழ்வாரே அந்த இடத்தை ‘வாசல் கடைகழியா உட்புகா’ என்றும், ‘கோவல் இடைகழி’ என்றும் சொல்லிவிட்டார். வாசலுக்கு வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் புகவில்லை. இதைவிடத் துல்லியமாக எந்த அகராதி சொல்லும்?

இடைகழி வாசலை ஒட்டிய பகுதிக்கு மட்டுந்தானே, படுக்கையறைகளுக்கு நடுவில் போவதற்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொருந்தும் என்பதே என் கட்சி. இடையில் கடந்துபோகும் இடம் என்ற பொருள் அங்கேயும் குறையவில்லை. மனம் ஒப்பாதவர்கள் ‘நடை’ என்று சொல்லட்டும். ‘நடைபாதை’ மட்டும் வேண்டாம், அது தெருவோரத்தில் கடலை விற்கும் இடம். ஹால்வேயில் ஹாலைப் பார்த்ததும் ‘மண்டபம்’ என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘உங்கள் இருண்ட மண்டபத்தில் காலணி அலமாரி வையுங்கள்’ என்று படித்தபோது எந்தக் கோயில் என்று கேட்கத் தோன்றியது. ‘காரிடார்ஸ் ஆஃப் பவர்’ என்பதைப் பெயர்த்துப் பத்திரிகைகள் எழுதும் ‘அதிகாரத் தாழ்வாரங்கள்’ பற்றிப் பேசினால் இரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

சொல் தவறினால் யோசனையும் தவறுகிறது. அந்தக் கட்டுரை தாழ்வாரத்தில் கண்ணாடி மாட்டச் சொல்கிறது. முற்றத்து வெயிலுக்கு எதிரே கண்ணாடியா? இடைகழி என்று எழுதியிருந்தால் பழைய வீடுகளின் உத்திகள் நினைவுக்கு வந்திருக்கும்: ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு, சுவரில் விளக்கு மாடம், முட்டையின் வெண்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுண்ணச் சுவர். அந்தச் சுவரில் ஓர் அகல் வெளிச்சம் பட்டாலும் பளபளக்கும்.

என் அண்ணன் மகளின் அடுக்ககத்திலும் இப்படியொரு இடைகழி இருக்கிறது. பகலிலும் விளக்குப் போட வேண்டும். அறைக் கதவுகளுக்கு மேலே ஒளி புகும் கண்ணாடி வைத்து ஜன்னல் வெளிச்சத்தை உள்ளே இழுத்தோம், சுவருக்கும் மேல்தளத்துக்கும் ஒரே வெளிர் சந்தன நிறம் அடித்தோம், அறை வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டினோம். வழி முடியும் கோடியில் உள்ள சுவரில் மாட்டியிருந்தால் இருட்டு இரண்டு மடங்காகியிருக்கும். மின்பணியாளர் தந்த ரசீதில் ‘பாசேஜ் லைட் 2’ என்று இருந்தது. தாழ்வாரம் என்று எழுதவில்லையே என்ற நிம்மதியில் பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்தேன்.