குளோனிங்: நகலா, படியா, போத்தா?

முருங்கைக் கிளையைக் கை கனத்துக்கு வெட்டி, மேல் முனையில் சாணத்தை அப்பி, வேலியோரம் குழி தோண்டி நட்டுவைப்பதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். கொஞ்ச நாளில் கணுவில் தளிர் எட்டிப் பார்க்கும். அந்தக் கிளைக்குப் போத்து என்று பெயர். தாய் மரத்துக் காய் என்ன ருசியோ அதே ருசி போத்து மரத்திலும் வரும். விதை போட்டால் அந்த உறுதி கிடையாது. ஓர் உயிரின் அதே மரபணுக்களோடு இன்னோர் உயிரை உருவாக்குவதைக் குறிக்கும் குளோனிங் என்ற சொல்லும் இப்படி ஒரு போத்திலிருந்து முளைத்ததுதான்.

கிரேக்க மொழியில் குளோன் என்றால் சுள்ளி, சிறு கிளை. விதையில்லாமல் கிளை, கிழங்கு, மொட்டு வழியாகப் பெருக்கும் செடிகளுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும் என்று 1903-இல் அதை எடுத்துப் பயன்படுத்தியவர் ஹெர்பர்ட் வெபர், அமெரிக்க வேளாண் துறையின் பயிர் ஆய்வாளர். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது வெகுகாலம் கழித்து. நம் 'கிளை'யும் அந்தக் 'குளோனு'ம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் இரண்டும் ஒரே வேர் என்று சொல்ல ஆசை வரும். ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது, விட்டுவிடலாம்.

உறவு தேடவேண்டிய இடம் வேறு. வாழைக்கும் பசுவுக்கும் தமிழில் 'கன்று' ஒன்றே. வாழைக்கன்று விதையில் வந்ததல்ல, தாயின் கிழங்கிலிருந்து பிரிந்தது. வெபர் சொன்ன குளோன் அச்சாக அதுதான். 'வாழையடி வாழையாக' என்று நாம் வாழ்த்தும்போது இந்த இயல்பைத்தான் சொல்கிறோம்.

சரி, குளோனிங்குக்குத் தமிழ் என்ன? செய்தித்தாள்களில் அதிகம் வருவது நகலாக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'நகல்' அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்த சொல் என்பது ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். கடையில் தாளை வைத்துப் பொத்தானை அழுத்தினால் நொடியில் அதே தாள் வெளியே வருமே, அந்தப் படத்தை அது மனதில் பதித்துவிடுகிறது. உண்மை அதற்கு நேர் எதிர்.

டாலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996 ஜூலை 5-இல் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் குளோனிங் முறையில் பிறந்த பெண் ஆட்டுக்குட்டி. ஆறு வயது ஃபின் டார்செட் ஆட்டின் மடியிலிருந்து ஓர் உயிரணுவை எடுத்தார்கள். முகம் கறுத்த வேறோர் இன ஆட்டின் முட்டையிலிருந்து மரபணுக்கள் அடங்கிய உட்கருவை நீக்கிவிட்டு, மடி உயிரணுவை அதனோடு மின்துடிப்பால் இணைத்தார்கள். இப்படி 277 முட்டைகள். கருவாகத் தேறியவை 29. உயிரோடு பிறந்தது ஒன்று. அதுவும் முழு அச்சு அல்ல: உட்கரு மடி தந்த ஆட்டுடையது, முட்டைக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்டிரியா கறுத்த முகத்து ஆட்டுடையது.

இதற்குப் பொருந்தும் சொல் ஓலைச்சுவடிக் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது: படி. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புது ஓலையில் எழுத்தாணியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீறுவது படியெடுத்தல். பாட்டு அதேதான், ஓலை வேறு. இரண்டு படிகளை ஒப்பிட்டால் பாட வேறுபாடு இருக்கும், பாதியில் நின்றுபோன படிகளும் உண்டு. டாலியின் கதை இதுவேதான். ஆகவே குளோனிங் படியாக்கம், அதில் பிறந்த கன்று படிக்கன்று.

நம் நாட்டில் கர்னாலின் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2009-இல் முதல் எருமைப் படிக்கன்று பிறந்தது. சில நாள்தான் வாழ்ந்தது. அங்கே கையாண்ட முறையில் பெரிய கருவிகள் இல்லை. நுண்ணோக்கியின் கீழே முட்டையை மெல்லிய கத்தியால் கையாலேயே அறுத்து உட்கருவை நீக்குவார்கள். எழுத்தாணி பிடித்த கையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்புறம் 2015 டிசம்பரில் ஹிசாரின் மத்திய எருமை ஆராய்ச்சி நிலையத்தில் முர்ரா இனத்து ஆண் படிக்கன்று பிறந்தது. ஹிசார் கௌரவ் என்று பெயர் வைத்தார்கள். சினை ஊசிக்கு விந்து தரும் நல்ல கடா செத்துவிட்டால் அந்த வளம் நின்றுபோகும், படிக்கன்று இருந்தால் தொடரும். எருமைக் கடாவுக்கும் தமிழில் 'போத்து' என்ற பெயர் உண்டு. தொல்காப்பிய மரபியல் பெற்றம் (மாடு), எருமை, புலி முதலியவற்றின் ஆணைப் போத்து என்கிறது. ஹிசார் கௌரவ் இரண்டு பொருளிலும் போத்து!

மருத்துவத்துக்கும் இது எட்டாத தூரமில்லை. டாலியை உருவாக்கியவர்களின் இலக்கே ஆட்டுப்பாலில் மருந்து எடுப்பதுதான். 1997-இல் வந்த பாலி என்ற ஆட்டுக்குள், ரத்தம் உறைய உதவும் ஒன்பதாம் காரணிக்கான மனித மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். அந்தக் காரணி இல்லாதவர்களுக்குச் சின்னக் காயமும் ஆபத்து. முதலில் அனுமதி கிடைத்தது வேறு மருந்துக்கு: மரபணு மாற்றிய வெள்ளாடுகளின் பாலிலிருந்து பிரித்த, ரத்தம் வேண்டாத இடத்தில் உறைவதைத் தடுக்கும் புரதத்தை 2006-இல் ஐரோப்பா ஏற்றது. 2022 ஜனவரியில் மேரிலாந்தில் ஒரு மனிதருக்குப் பொருத்திய பன்றி இதயமும் இந்த வழியில் வந்ததே. பத்து மரபணு மாற்றங்கள் செய்த உயிரணுவிலிருந்து படியாக்கிய பன்றி அது. அவர் ஏறக்குறைய இரண்டு மாதம் உயிர் வாழ்ந்தார்.

பாடநூலில் படியாக்கம் என்று எழுதுங்கள், பக்கத்தில் குளோனிங் என்றும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு விளக்கும்போது மட்டும் முருங்கைப் போத்திலிருந்து தொடங்குங்கள். வகுப்பு வாசலிலேயே ஒன்றை நட்டுக் காட்டலாம், மேல் முனையில் சாணம் அப்ப மறக்காமல்.