குருப்பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிவதில்லை

மறுபடியும் ஒரு மாத்திரை விவகாரம். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், வீட்டு ஜெபக்குழுவை நடத்தும் சகோதரர் ஒருவர், "கர்த்தர் சுகம் தந்துவிட்டார் என்று விசுவாசித்தால் அப்புறம் மாத்திரை எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். அதட்டவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. அன்பாகத்தான் கேட்டார். அந்தப் பெண் அன்று இரவே மாத்திரையை நிறுத்திவிட்டார். சில வாரங்களில் அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

போதகர்கள், குருக்கள், உபதேசியார்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்குப் பயிற்சியும் தியானமும் நடத்துவது என் வேலை. இதே கதை வேறு வேறு முகங்களோடு என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் வலிப்பு நோய். இன்னோரிடத்தில், "பொறுமையாக வாழ்ந்து பாரும்மா" என்று அடிக்கிற கணவனிடமே திருப்பி அனுப்பப்பட்ட மனைவி. வேறோரிடத்தில், சாக வேண்டும்போல் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியும், "அது பாவம்" என்ற ஒற்றைப் பதிலோடு வீடு திரும்பிய இளைஞன். பதில் சொன்னவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லோரும் ஜெபிக்கிறவர்கள், ஊழியத்துக்காகத் தூக்கம் கெடுகிறவர்கள். அதனால்தான் எனக்கு ஆற்றாமை அதிகமாகிறது.

முதலில் மருந்து விஷயத்தை முடித்துவிடுகிறேன். மனநல மருந்தையும் வலிப்பு மருந்தையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவு. போதகர் முடிவும் அல்ல, ஜெபக்குழு முடிவும் அல்ல. இதைத் தெரிந்துகொள்ள இறையியல் பட்டம் வேண்டாம். யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித் தந்திருந்தால் போதும். அந்த ஒரு மணி நேரம்தான் அந்தச் சகோதரருக்குக் கிடைக்கவில்லை. எப்போதோ ஒரு வார இறுதிப் பயிற்சி, கையில் ஒரு சான்றிதழ், மேடையில் தலைமேல் கைவைத்து ஒரு ஜெபம். அவ்வளவுதான். அதன் பிறகு யாரும் அவரை அழைத்து, "எப்படிப் போகிறது, என்ன கஷ்டம்?" என்று கேட்டதில்லை.

சரி, அவருடைய போதகரையாவது பார்ப்போம் என்று போனேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "பிரதர், நான் தினமும் வேதத்தோடுதானே இருக்கிறேன்? வாரத்துக்கு மூன்று பிரசங்கம் தயாரிக்கிறேன். இதைவிட என்ன பயிற்சி வேண்டும்?"

எனக்கு மிகவும் பழக்கமான பதில் இது. இதை உண்மையாகவே நம்பிச் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

பிரசங்கத்துக்காக வேதத்தைத் திறக்கும்போது மனதில் ஓடும் கேள்வி, "ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்கு என்ன சொல்லலாம்?" என்பதுதான். கண் மூன்று குறிப்புகளைத் தேடுகிறது, ஓர் உதாரணத்தைத் தேடுகிறது. நம்மைக் குத்த வேண்டிய வசனம் வந்ததும், கை தானாகவே அதை மூன்றாவது வரிசையில் உட்காரும் ஒருவருக்கு எடுத்து வைத்துவிடுகிறது. இரண்டாம் சாமுவேல் 12ஆம் அதிகாரத்தையே பாருங்கள். தாவீது ராஜா செய்த பாவத்தைச் சுட்டிக்காட்ட நாத்தான் தீர்க்கதரிசி அவர் முன்னால் நின்று, "நீயே அந்த மனுஷன்" என்கிறார். அந்தப் பகுதியைப் பிரசங்கிக்கிற எவரும் எந்த இடத்தில் நின்று பேசுகிறார்? நாத்தானின் இடத்தில். அந்த வேலையின் அமைப்பே அப்படி, அதில் தவறில்லை. ஆனால் வருஷக்கணக்கில் நாத்தானாகவே நின்று பழகியவருக்குத் தாவீதின் நாற்காலியில் உட்காரத் தெரியாமல் போய்விடுகிறது. மன்னிப்பைப் பற்றிக் கண்ணீர் வரப் பேசுவார், துணைப் போதகரோடு ஏழெட்டு மாதமாகப் பேச்சு வார்த்தை இருக்காது. இரண்டுக்கும் இருக்கும் முரண் அவர் கண்ணில் படவே படாது.

ஜெபமும் இப்படித்தான். சபை கேட்க ஜெபிக்கிறவர் வார்த்தையைக் கோர்க்கக் கற்றுக்கொள்கிறார். தனியாக முழங்காலிட்டால் வார்த்தை வரவில்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்ன குருக்கள் உண்டு. திருப்பலியும் வழிபாடும் நடத்துகிறவர்கள், அடுத்தது என்ன, ஒலிபெருக்கி சரியா, வாசகம் வாசிக்கிறவர் வந்தாரா என்ற கணக்கிலேயே இருக்கிறார்கள். நடத்துகிற வேலை அவர்களை ஆராதிக்க விடுவதில்லை.

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "உங்களைத் தொட்ட, ஆனால் இதுவரை எங்கும் பிரசங்கிக்காத ஒரு வசனத்தைச் சொல்லுங்கள்." அறை அமைதியாகிவிடும். தியானத்துக்கு வந்த இடத்தில்கூட நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த ஞாயிறுக்குக் குறிப்பு எடுக்கிறார்கள். அந்த நோட்டை மூடி வைக்கச் சொன்னால் சிலருக்குக் கோபமே வருகிறது.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது: "உன்னைக்குறித்தும் உபதேசத்தைக்குறித்தும் எச்சரிக்கையாயிரு." முதலில் உன்னை, பிறகு உபதேசத்தை. நாம் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு முதலாவதையும் செய்துவிட்டதாகக் கணக்குக் காட்டுகிறோம்.

அடுத்து, "எனக்கு இருபது வருட அனுபவம்" என்கிறவர்கள். அனுபவம் பாடம் கற்பிக்க வேண்டுமானால், செய்த தவறு திரும்பி வந்து நம் கதவைத் தட்ட வேண்டும். மருத்துவர் தவறினால் நோயாளி குணமாகாமல் திரும்பி வருவார். போதகர் தவறினால்? மனம் உடைந்த குடும்பம் சத்தமில்லாமல் வேறு சபைக்குப் போய்விடும். "அவர்கள் ஊர் மாறிவிட்டார்கள்போல" என்று நினைத்துக்கொண்டு போதகர் அதே ஆலோசனையை அடுத்த குடும்பத்துக்கும் கொடுப்பார். முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆலய வாசலில் கைகுலுக்கும்போது எல்லோரும் "பிரசங்கம் ஆசீர்வாதமாக இருந்தது" என்றுதான் சொல்வார்கள். இருபது வருடமும் இதை மட்டுமே கேட்ட ஒருவரால் தன் குறையை எப்படிக் காண முடியும்?

இதற்கு நல்ல மருந்து ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில், ஆண்டன் பாய்சன் என்ற போதகர் இறையியல் மாணவர்களை நோயாளிகளோடு பழகவைத்துப் பயிற்சி தரத் தொடங்கினார். தானே கடுமையான மனநோயில் விழுந்து மருத்துவமனையில் இருந்து மீண்டவர் அவர். புத்தகத்தைப் படிப்பதுபோலவே துன்பப்படும் மனிதரையும் கவனித்துப் படிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதிலிருந்து வளர்ந்த மேய்ப்புப்பணிப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைச் சந்தித்துவிட்டு வந்ததும், அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று வரிக்கு வரி எழுத வேண்டும். பிறகு மேற்பார்வையாளரும் சக பணியாளர்களும் அதை வாசித்துக் கேள்வி கேட்பார்கள். "அவர் அழத் தொடங்கிய இடத்தில் நீங்கள் ஏன் உடனே ஜெபிக்கப் போனீர்கள்?" என்பது போன்ற ஒரே ஒரு கேள்வி சில நேரம் ஒருவருடைய ஊழியத்தையே திருப்பிவிடுகிறது. இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. நான்கு போதகர்கள், மாதம் ஒரு முறை, பெயர்களை மாற்றி எழுதிய ஒரு பக்கம். போதும்.

"இதெல்லாம் இந்தக் காலத்து மேல்நாட்டுப் பழக்கம்" என்று யாராவது சொல்லத் தொடங்கினால் நான் அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தைத் திறந்துவிடுவேன். அப்பொல்லோ சொல்வன்மை உள்ளவர், வேதத்தில் வல்லவர். ஆனாலும் யோவானின் ஞானஸ்நானம் வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். அவர் பிரசங்கத்தைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவரைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு தேவனுடைய வழியை இன்னும் தெளிவாக விளக்கினார்கள். அவர்கள் யார்? கூடாரம் செய்து பிழைத்த கணவனும் மனைவியும். ஒரு தொழிலாளிப் பெண்ணிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள அப்பொல்லோவுக்கு வெட்கமில்லை. நம்மில் எத்தனை பேர் அப்படி உட்காருவோம்?

வேதம் மட்டும் போதும், வேறு புத்தகம் வேண்டாம் என்ற வாதமும் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டிலேயே, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பிரசங்கிகளில் சிலர் இதைச் சொன்னார்கள். அப்படியானால் நீங்கள் பவுலையும் மிஞ்சிவிட்டீர்கள் என்றார் வெஸ்லி. சிறையிலிருந்து எழுதும்போதுகூட, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியோடு புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொன்னவர் அல்லவா பவுல்? எனக்கு வாசிப்பில் ருசியில்லை என்கிறவருக்கு வெஸ்லியின் பதில் இன்னும் கடுமை: பழகி ருசியை வளர்த்துக்கொள், இல்லையேல் பழைய தொழிலுக்கே திரும்பு.

கத்தோலிக்கத் திருச்சபையில் இது சட்டமாகவே இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 279ஆம் சட்டம், குருத்துவ அருட்பொழிவுக்குப் பிறகும் குருக்கள் இறையியல் கல்வியைத் தொடர வேண்டும் என்கிறது. 276ஆம் சட்டம் தியானத்தை, அதாவது வேலையிலிருந்து ஒதுங்கி ஜெபத்தில் இருக்கும் நாட்களை, கடமையாக்குகிறது. 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குருக்களின் உருவாக்கம் பற்றி எழுதிய மடலில், தொடர் உருவாக்கத்துக்கு என்றே ஒரு முழு அதிகாரம் இருக்கிறது. மனிதம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என்ற நான்கு தளங்களிலும் ஆயுள் முழுவதும் வளர வேண்டும் என்று அது கேட்கிறது. நடைமுறையில் இந்த நான்கில் மனிதத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கோபத்தை எப்படிக் கையாள்வது, தனிமையை என்ன செய்வது, பணத்தையும் நட்பையும் எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்வது? விழுந்த குருக்களும் போதகர்களும் பெரும்பாலும் இறையியலில் விழவில்லை, இங்கேதான் விழுந்தார்கள்.

களைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வைத் தொழில் சார்ந்த நிலையாக விவரித்தது. சக்தி வற்றிப்போதல், வேலையின் மேல் கசப்பு, செய்வது எதுவும் பலிக்கவில்லை என்ற உணர்வு என்று மூன்று அடையாளங்கள். இந்த மூன்றும் உள்ள போதகர் என்ன செய்கிறார்? தன் விசுவாசம் குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் மூன்று கூட்டங்களை ஏற்றுக்கொள்கிறார். தயவுசெய்து எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே, சாகிறேன் என்கிறார். தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, திரும்பத் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். நாட்கணக்கில் தூங்கியும் கசப்பு தீரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

பொதுநிலையினரை, அதாவது குருப்பட்டம் பெறாமல் ஊழியம் செய்கிறவர்களை, பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைகுறை. பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு மாலையில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறவர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியைகள், வீட்டுக்கூட்டம் நடத்துகிறவர்கள். போதகரிடம் சொல்லத் தயங்குவதை மக்கள் இவர்களிடம்தான் சொல்கிறார்கள். சபையின் மிகப் பாரமான இரகசியங்கள் மிகக் குறைவாகப் பயிற்சி பெற்றவர்களின் தோளில் இருக்கின்றன. தங்கள் பணிக்கு உரிய பயிற்சியைப் பெற இவர்களும் கடமைப்பட்டவர்கள் என்று அதே திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 231ஆம் சட்டம் சொல்கிறது. அதைக் கொடுக்க நாம் கடமைப்பட்டவர்கள் இல்லையா? இவர்களை நாற்காலி போடவும் பட்டியல் எழுதவும் மட்டும் அழைக்காதீர்கள், குருக்களே.

சரி, இனி செய்ய வேண்டியவை. ஒரு பிள்ளை தன்னை யாரோ தவறாகத் தொட்டதாகச் சொன்னால், அதை "இரகசியம்" என்று மூடி வைக்காதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியே சொல்லக் கூடாது என்ற முத்திரை வேறு, ஞாயிறு பள்ளி முடிந்து வாசலில் நின்று ஒரு குழந்தை சொன்னது வேறு. யாரிடம் புகார் கொடுக்க வேண்டும் என்பதை இன்றே தெரிந்துவையுங்கள், அந்த நாள் வந்த பிறகு தேடாதீர்கள். சாக வேண்டும் என்று சொல்கிறவரைத் தனியாக அனுப்பாதீர்கள். நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. குடும்பத்தில் ஒருவரையும் மருத்துவரையும் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். அடிபடுகிற பெண்ணை, அவள் பாதுகாப்பை உறுதிசெய்யாமல் சமரசத்துக்கு உட்கார வைக்காதீர்கள், அதுவும் அடிப்பவனோடு ஒரே அறையில். உங்களால் முடியாததை "எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் நானே கூட்டிப்போகிறேன்" என்று சொல்லப் பழகுங்கள்.

உங்களுக்காக: ஆன்ம வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேலதிகாரி வேண்டாம், உங்களை இடமாற்றம் செய்யக்கூடியவரிடம் மனம் திறக்காது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. வருடத்தில் ஒரு தியானம், அதில் நீங்கள் பேச்சாளராக இருக்கக் கூடாது. தினமும் கொஞ்ச நேரமாவது, எங்கும் பிரசங்கிக்கப் போவதில்லை என்று முடிவுசெய்த ஒரு பகுதியை வாசியுங்கள்.

சபைக் குழுவிலும் பங்குப் பேரவையிலும் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கு வண்ணம் பூச ஒதுக்குகிற பணத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் புத்தகத்துக்கும் ஒதுக்குங்கள். போதகர் பயிற்சிக்குப் போனால், "என்ன தப்பு செய்தாராம்?" என்று கேட்காதீர்கள். அவர் இல்லாத நாட்களில் துக்க வீடு வந்தால் யார் போவது, மருத்துவமனை அழைத்தால் யார் எடுப்பது என்று எழுதி, அவர் கிளம்புவதற்கு முன்பே அவர் கையில் கொடுங்கள். இது தெரியாமல்தான் பல போதகர்கள் கடைசி நேரத்தில் பயணத்தை ரத்து செய்கிறார்கள்.