காட்டுக்குப் போனேன் என்று சொல்லுங்கள்

ஆறு நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியாவும் இல்லை. இரண்டு இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு, முகம் சுண்டிப்போய் என் முன்னால் உட்கார்ந்திருந்தார் முப்பது வயது இளைஞர். கையில் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஒரு கத்தை. தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தன.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். பெல்ட் இறுக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை என்பதால் அவருக்கே அது தெரியாது.

"காட்டுப் பக்கம் எங்கேயாவது போனீங்களா?"

"இல்ல டாக்டர்." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு வாரம் முன்னாடி ஃபிரண்ட்ஸோட டிரெக்கிங் போனேன். காலைல போய்ச் சாயங்காலம் வந்துட்டோம். அதையா கேக்குறீங்க?"

அதைத்தான் கேட்டேன். ஸ்க்ரப் டைபஸ். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். ஆனால் கடிப்பது மாட்டு உண்ணி இல்லை. ஒருவகைச் சிலந்திப்பேனின் குஞ்சு, கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. புல் நுனியிலும் புதரிலும் காத்திருக்கும். நாம் உட்கார்ந்தால் ஏறிக்கொள்ளும். அக்குள், தொடை இடுக்கு, பெல்ட் இறுக்கும் இடம் என்று துணி ஒட்டிய இடமாகத் தேடிக் கடிக்கும். ஆறு நாள் முதல் மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அதற்குள் போட்டோவெல்லாம் போட்டு முடித்து, போன இடத்தையே மறந்திருப்போம். மழை ஓய்ந்த குளிர் மாதங்களில் இந்த நோய் அதிகம். நம் ஆட்கள் மலையேறக் கிளம்புவதும் அப்போதுதான்.

டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்கு இது நன்றாகக் கேட்கும். நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தள்ளிப்போனால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இழுத்துவிடும். (படித்துவிட்டு நீங்களாக மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்.) எல்லோருக்கும் கடித்த இடத்தில் பொருக்கு இருக்காது. அப்போது டாக்டருக்குக் கிடைக்கும் ஒரே துப்பு, "காட்டுக்குப் போனேன்" என்ற உங்கள் வார்த்தைதான்.

மலையடிவார ஊரில் வேலை என்பதால் ஞாயிறு மாலைகளில் மலையேறப் போய் அடிபட்டவர்களின் கணுக்கால்களும் முழங்கால்களும் என்னிடம் வந்துகொண்டே இருக்கும். தனியாகப் போவது நல்லதா, கூட்டமாகப் போவதா என்று அவர்களில் பலர் கேட்பார்கள். கூட்டம் பாதுகாப்பு என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

பதினோரு பேர் கொண்ட ஒரு குழு. பத்துப் பேர் இளசுகள், ஒருவர் நாற்பத்தாறு வயது அலுவலக நண்பர். ஏற்றத்தில் அவருக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. "கேஸ் டிரபிள், நீங்க போங்க" என்றிருக்கிறார். முன்னால் போனவர்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் காத்திருக்கிறார்கள். இவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று எழுந்துவிட்டார்கள். இதுதான் ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் நடக்கிறது. ஓய்வு தேவையில்லாதவனுக்குப் பத்து நிமிட ஓய்வு; தேவைப்படுகிறவனுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. மாலையில் என்னிடம் வந்தபோது ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாருக்கும் டிரிப் கெட்டுப்போயிடுமேன்னுதான் டாக்டர்." பிழைத்துக்கொண்டார். அது அவருடைய அதிர்ஷ்டம்.

மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்தபடி, இரண்டாவது ஆளாக விடுங்கள். குழுவின் வேகம் அவருடைய வேகம். கடைசியில் நிதானமான ஒருவர் வரட்டும். கடைசி ஆள் வந்து மூச்சு விட்ட பிறகுதான் ஓய்வு நேரமே தொடங்க வேண்டும்.

தனியாகப் போகிறவர்களில் பலர், நான் பார்த்தவரை, இன்னும் கவனமாகத் தயாராகிறார்கள். ஆனால் அவர்களுக்குச் சுளுக்கிய கணுக்காலே பெரிய விபத்து. மாதம் ஒருமுறை எஸ்டேட் பாதைகளில் தனியே நடக்கும் ஆசிரியை ஒருவர், கிளம்பும் இடத்து டீக்கடை அக்காவிடம் "நாலு மணிக்குத் திரும்பி வந்து டீ குடிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் நாலரை ஆகியும் வரவில்லை. அக்கா இரண்டு பேரை அனுப்பினார். சிக்னல் இல்லாத ஒரு வளைவில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மரங்கள் அடர்ந்த இடத்தில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். இயர்போன் மாட்டிக்கொண்டு யானைக் காட்டோரம் நடப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

வனத்துறை நிலத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது வேறு கதை. அது சட்டப்படிக் குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் 23 பேர் இறந்தார்கள். தேனி மாவட்டத்தில் யாரும் அதை மறக்கவில்லை. அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். பதிவு செய்யும்போதே நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பாம்புக்கடிக்கு மூன்று 'வேண்டாம்': கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வரும் சாலைக்குத் தூக்கி வாருங்கள். கடித்த நேரத்தையும் இடத்தையும் சொல்லுங்கள். நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. மலைக்காட்டுக் குழிவிரியன்கள் அந்தப் பட்டியலில் இல்லை. வரப்பில் கடித்ததா, சோலைக்குள் கடித்ததா என்று தெரிந்தால் எங்கள் கணக்கு மாறும். பாம்பைத் துரத்திக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

அட்டைக்குப் பயப்படாதீர்கள். ரத்தம் உறையாமல் சிறிது நேரம் வழியும், அவ்வளவுதான். பேண்டை சாக்ஸுக்குள் செருகுங்கள், புல்லில் படுக்காதீர்கள், வீட்டுக்கு வந்ததும் துணியை நேராக வாளியில் போட்டுவிட்டுச் சோப்புத் தேய்த்துக் குளியுங்கள்.

அந்த இளைஞருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றது. உங்களோடு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். ஆறு பேர். வார்டிலிருந்தே வாட்ஸ்ஆப் குழுவில் எழுதினார். அரை மணி நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவருக்கும் நான்கு நாளாகக் காய்ச்சல், வைரல் ஃபீவர் என்று மருந்து சாப்பிடுகிறாராம். அக்குளைப் பார்க்கச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாதான் பேசினார்: "ஆமா டாக்டர், கறுப்பா ஒண்ணு இருக்கு."